ஏட்டில் இல்லாதவர்களை எழுதியவர்

புதுச்சேரி மாநிலத்தின் வரைபடத்தை முதன்முறை பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஏன் இப்படித் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன? தெற்கே பாகூருக்குப் போகிறவர் வழியில் தமிழ்நாட்டு ஊர்களைக் கடக்கிறார். மேற்கே வில்லியனூரைத் தாண்டியதும் எல்லை எங்கே மாறுகிறது என்பது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரிகிறது. இந்தச் சிதறலுக்குக் காரணம் 18-ஆம் நூற்றாண்டின் சண்டைகள். ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், தனக்குப் படை உதவி செய்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் கைம்மாறாக 1749-ஐ ஒட்டி இப்பகுதிக் கிராமங்களை எழுதிக் கொடுத்தார். 1752-இல் பாகூரில் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுப் படை தோற்றது. 1783-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை வில்லியனூரையும் பாகூரையும் பெயர் சொல்லி புதுச்சேரியோடு சேர்த்தது. எங்கோ ஓர் அரண்மனையில் போட்ட கையெழுத்து, இங்கே ஏர் பிடித்தவர் யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது. அவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேட்கப்படாத மனிதரைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்திய புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன்.

சாரங்கபாணி வைத்தியலிங்கம் என்ற இயற்பெயர் கொண்ட பிரபஞ்சன் 1945 ஏப்ரல் 27 அன்று, பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்த புதுச்சேரியில் பிறந்தார். கரந்தையில் தமிழ் படித்தார். குமுதம், ஆனந்த விகடன், குங்குமம் ஆகிய வார இதழ்களில் பணியாற்றினார். சிறுகதை, குறுநாவல், நாவல், நாடகம், கட்டுரை என 40-க்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. 1995-இல் ‘வானம் வசப்படும்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2018 டிசம்பர் 21 அன்று அவர் மறைந்தபோது புதுச்சேரி அரசு அரசு மரியாதையுடன் வழியனுப்பியது. இத்தனை வகை நூல்களை எழுதிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு பட்டியல் போட்டுவிட்டு, பன்முக எழுத்தாளர் என்று பாராட்டி முடித்துவிடுவார்கள். அந்தப் பாராட்டு அவருக்கு நியாயம் செய்யாது. அவருடைய வரலாற்று நாவலும் குடும்பக் கதையும் கட்டுரையும் வெவ்வேறு திசையில் போனவை அல்ல. ஏட்டில் பெயர் ஏறாத மனிதர் எப்படி வாழ்ந்தார், எதற்காகத் தலை குனிந்தார், எந்த இடத்தில் தலை நிமிர்ந்தார் என்ற ஒரே விசாரணையின் பல வடிவங்கள் அவை. இப்படிச் சேர்த்து வாசிக்கும்போதுதான் அவருடைய முழு உயரம் தெரியும். அந்த வாசிப்பு யாரையும்விட வில்லியனூர், பாகூர் போன்ற கிராமக் கொம்யூன்களின் (உள்ளாட்சிப் பிரிவுகளின்) மக்களுக்கு அதிகம் பயன்படும்.

முதலில் அவருடைய பெரும் புகழுக்குக் காரணமான இரண்டு வரலாற்று நாவல்களை எடுத்துக்கொள்ளலாம். ‘மானுடம் வெல்லும்’ கவர்னர் துய்மாவின் காலத்தைச் சொல்கிறது. ‘வானம் வசப்படும்’ 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளேயின் காலத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, சிறு வயதில் புதுச்சேரிக்கு வந்து, துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) உயர்ந்தவர் பிள்ளை. 1736 செப்டம்பர் தொடங்கி 1761 வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள், தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, கவர்னர் வீட்டுப் பேச்சு, சாதிச் சண்டை, ஆள் கடத்தி அடிமையாக விற்ற கொடுமை, சகுனம், வதந்தி என்று எல்லாமே அதில் உண்டு. 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். நான்கு நாள் கழித்து புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. நாட்குறிப்பு 1846-இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1904-க்கும் 1928-க்கும் இடையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. ஆய்வாளர்களின் மேசையிலேயே இருந்த அந்தச் செல்வத்தை, தேநீர்க் கடையில் பத்திரிகை படிக்கும் வாசகரின் கைக்குக் கொண்டு சேர்த்தவர் பிரபஞ்சன்.

கொண்டு சேர்த்ததோடு அவர் நிற்கவில்லை. வரலாற்றுக் கதை என்றால் என்ன என்ற எண்ணத்தையே மாற்றினார். தமிழில் அந்த வகைக்கு அடித்தளம் போட்டவர் கல்கி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். அவருக்குப் பின் சாண்டில்யன் ‘யவன ராணி’, ‘கடல் புறா’ போன்ற தொடர்களால் வாசகர்களைக் கட்டிப்போட்டார். இவர்கள் இருவரும் படிக்கும் பழக்கத்தைத் தமிழ்நாடெங்கும் பரப்பியவர்கள். அந்தக் கடன் பெரியது. ஆனால் அவர்களுடைய வரலாறு அரியணையைச் சுற்றியே வந்தது. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெயர் உள்ளவர்களே பெரும்பாலும் கதையின் மையம் ஆனார்கள். மற்றவர்களில் பலர் தேரோட்டவும் விளக்குப் பிடிக்கவும் வந்து போனார்கள். பிரபஞ்சனின் புதுச்சேரியில் கவர்னரும் நவாபும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முடிவுகளைச் சுமப்பவர்கள் தாசிகளும் வணிகர்களும் வேலைக்காரர்களும் சிப்பாய்களும்தான். ஒரு நகரம் யாருடைய உழைப்பில் எழுகிறது, யாருடைய அச்சத்தில் நிற்கிறது என்று அவர் கேட்கிறார். வீர சாகசத்துக்குப் பழகிய வாசகர் இந்த நாவல்களுக்குள் நுழைந்ததும் சற்றுத் திகைப்பார். வாள் வீச்சைவிடத் தானிய விலை முக்கியமாகிறது. அரண்மனைக் காதலைவிட ஒரு தாசியின் தன்மானம் கதையை நகர்த்துகிறது.

இந்த மாற்றம் ஏன் முக்கியம் என்பதற்குப் பாகூரே சான்று. நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் தென்னிந்தியக் கல்வி வரலாற்றில் புகழ்பெற்றவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக அளிக்கப்பட்டதை அவை சொல்கின்றன. இன்றும் பாகூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி இது, பெருமைக்கு உரியதுதான். ஆனால் அந்த ஏடுகளில் மன்னன் இருக்கிறான், கொடைக்கு வேண்டிக்கொண்ட அதிகாரி இருக்கிறான், கற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று ஊர்களில் நாற்று நட்டவர்களின் பெயர் இல்லை. கல்விக்கூடத்தின் அடுப்பில் வெந்த நெல் அவர்கள் விளைவித்தது. அவர்கள் நினைவு எங்கே இருக்கிறது? ஊர்க்கதையில் இருக்கிறது. பெண்ணையாற்றிலிருந்து சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாகப் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், பங்காரு என்ற தாசியின் பெயரைத் தாங்கி நிற்பதாக இப்பகுதியில் கதை வழங்குகிறது. புதுச்சேரி நகரத்துக்குக் குடிநீர் கிடைத்த கதையிலும் முத்திரப்பாளையத்து ஆயி என்ற தாசிதான் நாயகி; நகரின் நடுவே உள்ள ஆயி மண்டபம் அவள் பெயரால் நிற்கிறது. நூற்றாண்டுகளாகச் செப்பேடு மன்னனை நினைத்தது. ஊர் வாய்க்கால் வெட்டியவளை நினைத்தது. பிரபஞ்சன் தம் நாவல்களில் ஊரின் பக்கம் நின்றார். தாசிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைத் தொகுப்பின் பெயரே ‘தாழப் பறக்காத பரத்தையர் கொடி’. நாவலில் பாத்திரமாக வந்தவர்களைக் கட்டுரையில் வரலாறாகவும் வாதமாகவும் மறுபடி எடுத்துப் பேசினார்.

இதே விசாரணை அவருடைய சிறுகதைகளில் வீட்டுக்குள் நடக்கிறது. ‘பிரும்மம்’ கதையில் வீட்டு முன்னால் வளரும் ஒரு முருங்கைமரம்தான் எல்லாம். குடும்பமே சேர்ந்து அதை நட முடிவு செய்கிறது. அது வளர்கிறது, ஊருக்கே கொடுக்கிறது, காற்றில் முறிந்து விழுகிறது, மறுபடி துளிர்க்கிறது. கிராமத்தில் முருங்கை இல்லாத கொல்லை அபூர்வம். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யாரும் நினைக்கும் இடத்தில் அவர் உயிரின் பிடிவாதத்தைக் கண்டார். ‘அப்பாவின் வேஷ்டி’ ஒரு துணியை வைத்துக்கொண்டு தகப்பனின் வாழ்க்கையைப் பேசுகிறது. ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’யில் பள்ளிக்கூடம் கெட்ட பெண் என்று முத்திரை குத்திய மாணவியை, ஓர் ஆசிரியர் அவளுடைய வீட்டுக்கே தேடிப் போய்ப் பார்க்கிறார். பள்ளியின் பதிவேட்டில் அவள் ஒழுங்கீனம். அவளுடைய வீட்டுக் கதவைத் தட்டினால்தான் தனிமையில் தவிக்கும் ஒரு குழந்தை தெரிகிறது. நாட்குறிப்பைப் படித்து அதற்குப் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடியவரும், பள்ளிப் பதிவேட்டுக்குப் பின்னால் இருக்கும் மரியைத் தேடியவரும் ஒரே எழுத்தாளர்தான். பதிவு சொன்னதை அப்படியே ஏற்காமல் போய்ப் பார் என்பதே அவருடைய கதைக்கலையின் அடிப்படை.

மற்ற வகை நூல்களிலும் இந்த இழை அறுபடவில்லை. மகாபாரதத்தை எடுத்தபோது அதன் மாந்தர்களை வணங்கத்தக்க சிலைகளாக வைக்காமல், தவறும் துயரமும் உள்ள மனிதர்களாக விளக்கினார். ‘முட்டை’ போன்ற நாடகங்களில் அதிகாரத்தின் முன்னால் சாமானியன் படும் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். நாளிதழிலும் வார இதழிலும் எழுதிய கட்டுரைகளில் சங்கப் பாடல் தொடங்கி நேற்றைய நண்பர் வரை தாம் மதித்தவற்றை வாசகரோடு பகிர்ந்துகொண்டார். மன்னிப்பதும் புரிந்துகொள்வதும் பலவீனம் அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்ன எழுத்து அது. ஒரு நாவலை மட்டும் படித்தவருக்கு அவர் வரலாற்று எழுத்தாளர். ஒரு சிறுகதையை மட்டும் படித்தவருக்கு மென்மையான குடும்ப எழுத்தாளர். இரண்டையும் படித்தவருக்கே அந்த மென்மை எவ்வளவு உறுதியான நீதியுணர்விலிருந்து வருகிறது என்பது புரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்க்க வேண்டும். முதலாவது, அவர் வெகுஜன இதழ்களுக்காக மிகுதியாக எழுதினார், அதனால் எழுத்தின் தரம் ஒரே சீராக இல்லை என்பது. இதில் உண்மை உண்டு. வாரந்தோறும் இத்தனை பக்கம் என்று எழுதும்போது சில அத்தியாயங்கள் நீளும், சில பாத்திரங்கள் பாதியில் மங்கும். அவருடைய எல்லா நூல்களும் ஒரே உயரத்தில் நிற்பவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொடர்கதை என்பதாலேயே ஓர் எழுத்து தாழ்ந்துவிடாது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் தொடங்கிய ‘பிக்விக்’ கதை மாதப் பகுதிகளாகத்தான் வெளிவந்தது. அவருடைய பெரும் நாவல்கள் பலவும் அப்படித்தான் வந்தன. அதோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புத்தகக் கடை இல்லாத கிராமத்துக்கும் வார இதழ் போய்ச் சேர்ந்தது. முடிதிருத்தும் கடையிலும் ஊர் நூலகத்திலும் பஸ் நிலையத்திலும் அது கிடைத்தது. துய்ப்ளே காலத்துப் புதுச்சேரியை, 12 தொகுதி நாட்குறிப்பை வாங்க வழியில்லாத வாசகர் அறிந்துகொண்டது அந்த வழியில்தான். எளிய மனிதரைப் பற்றி எழுதியதை எளிய மனிதர் படிக்கும் இடத்திலேயே எழுதினார் என்பது குறை அல்ல, கொள்கைக்கு நேர்மையாக இருந்ததன் அடையாளம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. ஆனந்தரங்கப்பிள்ளை பெரும் செல்வந்தர். அதிகாரத்தின் அருகில் இருந்தவர். தம் குலப்பெருமையும் பகையும் உள்ளவர். அவருடைய நாட்குறிப்பின் மேல் கட்டிய நாவல் எப்படி எளியவர்களின் கதை ஆகும்? 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அங்கிருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். அந்தத் துயரத்தை நாம் பிள்ளையின் கண்களால்தான் பார்க்கிறோம். அப்போது தெருவில் நின்றவர்களின் கண்களால் அல்ல. கேள்வி நியாயமானது. ஆனால் ஆதாரம் ஒருவருடையது என்பதாலேயே கதையும் அவருடையதாகிவிடாது. நாட்குறிப்பில் ஒரு வரியில் வந்து மறைபவர்களுக்கு நாவலில் வீடும் பசியும் ஆசையும் கிடைக்கின்றன. பிள்ளை தமக்குத் தெரிந்ததைப் பதிந்தார். அவருக்குத் தெரியாதிருந்ததை, அல்லது தெரிந்தும் பெரிதாகத் தோன்றாததை, புனைவு நிரப்பியது. அப்படி நிரப்புவது வரலாறு ஆகாது என்று வரலாற்றாசிரியர் சொன்னால் அவர் சொல்வது சரி. நாவலைப் படித்துவிட்டுத் தேதிக்கும் சம்பவத்துக்கும் அதையே சான்றாகக் காட்டக் கூடாது. அதற்கு நாட்குறிப்பும் ஆவணங்களும் இருக்கின்றன. அந்த ஆவணங்களைத் தேடிப் போக வேண்டும் என்ற ஆவலைத் தூண்டுவதும், அவற்றில் யார் விடுபட்டார்கள் என்று கேட்கக் கற்றுத் தருவதும் நாவலின் வேலை. பிரபஞ்சன் இரண்டையும் செய்தார்.

மூன்றாவது வாதம் கிராமத்திலிருந்தே வரும். அவர் நகரத்து எழுத்தாளர். அவர் எழுதிய புதுச்சேரி கோட்டையும் கடற்கரையும் தெருக்களும் கொண்ட புதுச்சேரி. அதில் வயலும் ஏரியும் எங்கே? இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவருடைய மையம் நகரம். ஆனால் அந்த நகரத்தைக் கிராமத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்த நாவல்களின் காலமே காட்டுகிறது. கோட்டைக்குள் இருந்த சேனைக்கும் சந்தைக்கும் அரிசி வெளியிலிருந்து வர வேண்டும். வரி வருவாய் இல்லாமல் துப்பாக்கி இல்லை. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தேவைப்பட்டதே அதனால்தான். இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்றால் பாகூரைத்தான் சொல்கிறார்கள். 1880-இல் பிரெஞ்சு அரசாணையால் உருவான கொம்யூன் அமைப்பு, ஆட்சி மாறியும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் தொடர்கிறது. இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்குக்கூட விடை நகரத்தின் மாளிகையில் கிடைக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமையானது. 1783-இல் யாரும் கேட்காத ஊர், 1954-இல் தன் மண்ணிலேயே விடை சொன்னது. பிரபஞ்சனின் நாவல்கள் தொடங்கிவைத்த கதையின் அடுத்த பாகம் கிராமத்தில் நடந்திருக்கிறது. அதை அவர் எழுதவில்லை என்று குறைப்படுவதைவிட, எழுதும் வழியை அவர் காட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே பயன் தரும்.

அந்த வழி எளிதானது, ஆனால் உழைப்பைக் கேட்பது. இருக்கும் ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அதில் இல்லாதவர் யார் என்று கேட்க வேண்டும். பிறகு அவரை மதிப்போடு, குறைகளோடு, முழு மனிதராகக் கற்பனை செய்ய வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் அதற்கான பொருள் குவிந்து கிடக்கிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை இழுக்கப் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம் துணைநிலை ஆளுநர்கள் காலத்திலும் தொடர்கிறது. அந்த வடத்தின் மறுமுனையைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தவர்களின் கதை எழுதப்படவில்லை. ஏரிப் பாசனத்தில் மடை திறந்தவர், நில ஆவணம் பிரெஞ்சு மொழியில் இருந்ததால் படித்தவர் வீட்டு வாசலில் காத்து நின்ற விவசாயி, பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கடல் கடந்தவரின் மனைவி, ஆலை வேலைக்கு நகரத்துக்கு நடந்து போனவர் என்று ஒவ்வொரு தெருவிலும் எழுதப்படாத நாட்குறிப்பு ஒன்று இருக்கிறது. 1954-ஐ நேரில் கண்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இனி நீண்ட காலம் இல்லை.

பிரபஞ்சனை இதுவரை படிக்காதவர்கள் சிறுகதைகளிலிருந்து தொடங்கலாம். ‘பிரும்மம்’, ‘மரி என்கிற ஆட்டுக்குட்டி’ இரண்டும் ஒரே மாலையில் படித்துவிடக் கூடியவை. அடுத்து ‘மானுடம் வெல்லும்’, அதன்பின் ‘வானம் வசப்படும்’ என்று வரிசையாகப் போனால் காலத்தின் ஓட்டம் பிடிபடும். கொம்யூன்களில் உள்ள நூலகங்கள் அவருடைய நூல்களைப் பரிசு பெற்ற நாவல் ஒன்றோடு நிறுத்திவிடாமல் எல்லா வகையிலும் வாங்கி வைக்க வேண்டும். கிராமப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் இந்தக் கதைகளை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டுத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு நான்கு பக்கம் எழுதி வரச் சொல்ல வேண்டும். அந்த நான்கு பக்கங்களைத் தொகுத்து ஊர் நூலகத்தில் வைத்தால், நாளை ஒரு பாகூர்ப் பெண்ணோ வில்லியனூர் இளைஞனோ தம் ஊரின் நாவலை எழுத உட்காரும்போது கையில் ஆதாரம் இருக்கும். நகரத்துக்கு ஓர் ஆனந்தரங்கப்பிள்ளை கிடைத்தார், அவரை வாசிக்க ஒரு பிரபஞ்சன் கிடைத்தார். கிராமங்களுக்கு அந்த இரண்டு பேரும் இனிதான் கிடைக்க வேண்டும். அவர்களை உருவாக்கும் பொறுப்பு அந்தந்த ஊர்க்காரர்களுடையது.